வேராம்மா போட்டோவ எடுத்தது நான் இல்ல

ராசு அண்ணன் இறந்துட்டார்.

நேத்து காலைல எங்க பேட்ச் வாட்ஸ்அப் குரூப்ல மெசேஜ். ஆட்டையாம்பட்டில, அவர் வீட்லயே... ஹார்ட் அட்டாக்.

தெரியாதவங்களுக்குச் சொல்றேன். கிர்கிஸ்தான்ல, பிஷ்கெக்ல நான் டாக்டருக்குப் படிச்சப்ப எங்க தமிழ் மெஸ்ல சமைச்சவர். அதுக்கு முன்னாடி ஊர்ல கல்யாணத்துக்கு போட்டோ எடுத்துட்டு இருந்தவர்.

நான் படிப்பு முடிச்சு நாமக்கல் வந்து நாலு வருசம் ஆச்சு. அவரும் அதே வருசம் ஊர் வந்து சேர்ந்துட்டார். ஒரு மணி நேர பஸ்தான்... ஒரு தடவை கூடப் போகல. ஏன்னு இன்னிக்கு எழுதிடறேன்.

ஞாயித்துக்கிழமை மெஸ் லீவு. அண்ணன் கேமராவைத் தூக்கிட்டுக் கிளம்பிடுவார். குளிர்ல சார்ஜ் இறங்கிரும்னு பேட்டரியைச் சட்டைக்குள்ள நெஞ்சோட வச்சுக்குவார்.

மலை, ஏரி எல்லாம் எடுக்க மாட்டார். டிராலி பஸ் ஓட்டுற அக்கா சிக்னல்ல நின்னு லிப்ஸ்டிக் போடறது. சோவியத் காலத்து அபார்ட்மெண்ட் பால்கனில காயற போர்வை, அதுக்கு நேர் கீழ புதுசா திறந்த செல்போன் கடை... இப்படித்தான்.

"இதெல்லாம் ஒரு போட்டோவாங்ணா?"ன்னு சிரிச்சிருக்கேன்.

"கல்யாணத்துல சிரிங்க சிரிங்கன்னு சொல்லியே சலிச்சுப் போச்சுங்க சாமி. இங்க யாரையும் சிரிக்கச் சொல்ல வேண்டியதில்ல பாருங்க."

ஆனா யாரை எடுத்தாலும் முதல்ல கேட்டுருவார். "மோஷ்ன?" ரஷ்யன்ல 'எடுக்கலாமா'ன்னு அர்த்தம். வேண்டாம்னு தலையாட்டினா கும்பிடு போட்டுட்டு நகர்ந்துருவார்.

வேராம்மா எங்க மெஸ்ஸுக்கு எதிர் பில்டிங். ரிட்டையர்டு கணக்கு டீச்சர். ரஷ்யாவுல இருக்கற மக கூடப் போய் இருக்கப் போறாங்க, தூக்கிட்டுப் போக முடியாததை எல்லாம் பிளாட்பாரத்துல போட்டு வித்துட்டு இருந்தாங்க. டீ கப், இஸ்திரிப் பெட்டி, சோவியத் யூனியன் இருக்கற ஒரு பழைய குளோப். அங்க அது சாதாரணம்... யாரும் கேவலமா நினைக்க மாட்டாங்க.

அண்ணன் மூணு வாரம் அவங்ககூட டீ குடிச்சுட்டுத்தான், அந்தச் சாமானோட அவங்க உக்காந்திருக்கற போட்டோவையே எடுத்தார். ஒரு பிரிண்ட் போட்டு அவங்களுக்கே கொடுத்தார்.

எனக்கும் அனுப்பினார். நான்தான் கேட்டேன்.

அன்னிக்கே ஃபேஸ்புக்ல போட்டேன். என் பேர்ல. 'சோத்துக்கு வழியில்லாம வீட்டுச் சாமானைத் தெருவுல விக்கிற ஒரு டீச்சர். ஒரு நாடு உடைஞ்சா இதான் கதி'ன்னு தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் எழுதினேன்.

அவங்க ஏன் விக்கறாங்கன்னு எனக்கு நல்லாத் தெரியும். தெரிஞ்சேதான் எழுதினேன்... அப்படி எழுதினாத்தான் ஷேர் ஆகும்.

ஆச்சு. அந்த ஊர் பேஜ் ஒண்ணு கூட எடுத்துப் போட்டுச்சு.

ஒரு வாரம் கழிச்சு, மத்தியானம், வேராம்மா போனைப் பிடிச்சுட்டு மெஸ்ஸுக்குள்ள வந்தாங்க. அவங்ககிட்டப் படிச்ச யாரோ பாத்துட்டு, பணம் அனுப்பட்டுமான்னு கேட்டிருக்காங்க.

"நான் பிச்சைக்காரியா?" அண்ணனைப் பாத்துத்தான் கேட்டாங்க. ஏன்னா எடுத்தது அவர்.

அண்ணன் போனை வாங்கிப் பாத்தார். என் பேர் இருந்துச்சு. தமிழ் எழுத்துல இருந்ததால அவங்களுக்குப் படிக்கத் தெரியல. நான் ரெண்டடி தள்ளி தட்டோட நிக்கிறேன்.

"நான்தான். மன்னிச்சுக்கோங்க"ன்னு அவருக்குத் தெரிஞ்ச அரைகுறை ரஷ்யன்ல சொன்னார்.

வேராம்மா பைல இருந்த அந்த பிரிண்டை எடுத்து டேபிள்ல வச்சுட்டுப் போயிட்டாங்க.

"அண்ணா..."

"சோறு ஆறுது. சாப்பிடுங்க சாமி."

சாப்பிட்டேன். அதையும் எழுதணும்ல.

சாயங்காலம் போய் ஏன் என்னைக் காட்டிக் கொடுக்கலைன்னு கேட்டேன். "நீங்க இன்னும் ரெண்டு வருசம் இங்க படிக்கோணும். நான் சமையக்காரன், எனக்கென்னங்க... ஆனா அந்தம்மாகிட்ட ஒரு வார்த்தை நீங்களே போய்ச் சொல்லிப்போடுங்க. அவுங்க மனசு ஆறிக்கும்."

நாளைக்குப் போறேங்ணான்னு சொன்னேன்.

போகல. எக்ஸாம்னு சொல்லிக்கிட்டேன். பனி உருகறப்ப வேராம்மா ஊரை விட்டே போயிட்டாங்க. அந்த போஸ்ட்டை அதுக்கும் ரொம்ப நாள் கழிச்சுத்தான் எடுத்தேன்.

அப்புறம் அண்ணன் எனக்கு போட்டோ எதுவும் அனுப்பல. நானும் கேக்கல. சாம்பார் மட்டும் எப்பவும் போல கேட்டுக் கேட்டு ஊத்துவார்.

நேத்து ஆட்டையாம்பட்டி போனேன். அண்ணன் வீட்டம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. "நீங்கதானுங்களா நாமக்கல் டாக்டரம்மா? ஊட்ல உங்களப் பத்திப் பேசாத நாளில்லைங்க. நல்ல புள்ளன்னு சொல்லுவாரு."

வேற எதுவும் சொல்லல போல.

அப்புறம் கேட்டாங்க. "எல்லாத்தையும் எடுத்தவரு, அவரை எடுத்த போட்டோ ஒண்ணு நல்லதா இல்லைங்க. மாலை போடக்கூட ஆதார் கார்டு படத்தைத்தான் பெருசு பண்ணியிருக்கு. உங்ககிட்ட இருக்குங்களா சாமி?"

அங்கயே உக்காந்து போனைத் தேடினேன். ஆறு வருசம் அவர் கையால சாப்பிட்டிருக்கேன். என் பர்த்டே போட்டோ ஒண்ணுல, ஓரத்துல, கரண்டி பிடிச்ச கை மட்டும் இருக்கு.

பேட்ச்மேட்ஸ், சீனியர்ஸ்... யார்கிட்டயாவது அண்ணன் முகம் தெரியற மாதிரி ஒரு போட்டோ இருந்தா அனுப்புங்க. பதினாறாம் நாளுக்குள்ள அவங்க வீட்ல கொடுக்கணும்.

போயிட்டு வாங்க ராசுண்ணா.