படுத்திருந்த முள்

1. கல்யாணம் முடிந்து நூற்றுப் பதினெட்டு நாள் அவர் என்னோடு இருந்தார். பிறகு வேலைக்கென்று கட்டாருக்குப் போனார்.
2. அவருடைய பழைய பிக்கப் எங்கள் வளவில், வேப்பமரத்தின் கீழ் நின்றது. ஒன்றரை வருடம் அசையாமல் நின்றது.
3. டாஷ்போட்டுக்குள் எலி குடியேறி வயர்களைக் கடித்தது.
4. ஒப்பந்தம் முடிய ஐந்து மாதம் இருக்கும்போது அவர் எழுதினார்: "வண்டி ஓடுகிறது என்று நீ எழுதினால் நான் மறுபடி கையெழுத்து வைக்க மாட்டேன். வந்து அதை வைத்துப் பிழைப்போம்."
5. நான் வண்டியைத் திருத்தினேன். திருத்தக்கூடாத ஒன்றையும் சேர்த்துத் திருத்தினேன்.

எஞ்சினைப் பார்க்க கராஜிலிருந்து ஒருவர் வந்தார். மூன்று நாளில் அது சத்தம் போட்டது. வயர் வேலை தன்னால் ஆகாது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அது எனக்கு வாய்த்தது. தொழில்நுட்பக் கல்லூரியில் நான் மின்னியல் படித்தவள். அங்கே நாங்கள் படித்தது நிறங்களை. எந்த வேலைக்கு எந்த நிற வயர் என்பது எனக்கு இன்றைக்கும் மனப்பாடம்.

டாஷ்போட்டைக் கழற்றியபோது உள்ளே இருந்ததெல்லாம் மஞ்சள்.

வயர் கிடைக்காத காலத்தில் எங்கோ ஒரு சுருள் மஞ்சள் வயர் அவருக்கு அகப்பட்டிருக்கிறது. வண்டி முழுக்க அதையே ஓடவிட்டிருக்கிறார். எது எதென்று தெரிய, ஒவ்வொரு வயரின் நுனிக்குப் பக்கத்திலும் வலைநூலால் முடிச்சுப் போட்டிருந்தார். ஒன்றில் ஒரு முடிச்சு, இன்னொன்றில் இரண்டு, இப்படி ஆறு வரை. எந்த எண்ணிக்கை எதற்கு என்று எங்கும் எழுதிவைக்கவில்லை. ஒரு சில முடிச்சுகளை எலியும் தின்றிருந்தது.

கொப்பியில் அட்டவணை போட்டேன். பிறகு டோர்ச் பல்ப் ஒன்றையும் இரண்டு பற்றரிகளையும் வைத்துச் சோதனை விளக்கு செய்தேன். போர் நடந்த, கடையில் பற்றரி இல்லாத நாட்கள் அவை. பழையதைக் கூரை ஓட்டில் வெயிலுக்கு வைத்து எடுத்தால் அரைமணி நேரத்துக்கு உயிர் வரும். அந்த அரைமணிக்குள் எஞ்சின் பக்கம் ஒரு வயரைக் கழற்றி வண்டியின் இரும்பில் தொடவைத்துவிட்டு ஓடிவந்து, ஆசனத்தில் மல்லாந்து படுத்து, டாஷ்போட்டுக்குக் கீழே ஒவ்வொரு நுனியாகத் தொட்டுப் பார்ப்பேன். பல்ப் எரிந்தால் அதுதான். ஒரு முடிச்சு, சார்ஜ் விளக்கு. மூன்று முடிச்சு, எஞ்சின் சூட்டைக் காட்டும் முள். ஒரு நாளைக்கு ஒன்று கண்டுபிடித்தால் அது நல்ல நாள்.

"காலு ரெண்டும் கதவுக்கு வெளியில தொங்குது. றோட்டால போறவங்க விபத்தெண்டு நினைக்கப் போறாங்க," என்றார் அம்மா.

"நினைக்கட்டும்."

"மருமகன்ட கையைப் பிடிச்ச நாளை விட அந்த வயரைப் பிடிச்ச நாள்தான் உனக்குக் கூட."

அது கணக்கில் கிட்டத்தட்ட உண்மை.

அந்த முடிச்சுகள் எல்லாம் இடப்பக்கம் சாய்ந்திருந்தன. சோறு தின்பதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் இடக்கையால் செய்கிறவர் அவர். சேர்ந்திருந்த நாட்களில் அதைக் கவனித்திருக்கிறேன், ஆனால் பெரிதாக எடுக்கவில்லை. இப்போது ஒவ்வொரு முடிச்சிலும் விரலை வைத்து, நூலை எந்தப் பக்கத்தால் சுற்றினார், எந்த விரலால் இறுக்கினார் என்று யோசித்துக்கொண்டு கிடந்தேன். பற்றரி செத்த பிறகும் சில நாள் அப்படியே கிடந்தேன். கொப்பியில் அதற்கு இடமில்லை.

ஆறு முடிச்சு வயர் டீசல் முள்ளுக்கானது. அதை எலி தொடவில்லை. டீசல் தாங்கியிலிருந்து வந்த வயர் முள்ளுக்குக் கிட்ட வெட்டப்பட்டு, நுனியில் துணி டேப் சுற்றி, மடித்து, மற்ற வயர்களோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தது. அந்தக் கட்டும் இடப்பக்கம்தான் சாய்ந்திருந்தது. மறுபடி இணைப்பதற்குப் போதிய நீளமும் விட்டிருந்தார். 'அரைகுறை வேலை' என்று கொப்பியில் எழுதிவிட்டு, அவருக்குக் கடிதம் எழுதிக் கேட்டேன்.

ஒரு கடிதம் போய்ச் சேர மூன்று கிழமை, அதாவது இருபத்தொரு நாள். பதில் வர இன்னும் மூன்று கிழமை. மற்ற ஐந்தையும் அவர் ஒழுங்காக விளக்கியிருந்தார். ஆறாவதைப் பற்றி இவ்வளவுதான்: "டீசல் முள்ளோடு மினக்கெடாதே. அது படுத்தபடி கிடக்கட்டும். தாங்கிக்குள் தடி விட்டுப் பார்த்தால் போதும்."

எனக்குச் சற்று மனம் நொந்தது. வண்டி ஓடினால் வருகிறேன் என்றவர், அதன் ஒரு மீற்றர் செத்துக் கிடந்தால் கிடக்கட்டும் என்கிறாரே என்று நினைத்தேன். அவருடைய கடிதங்களை வழியில் எத்தனை பேர் பிரித்துப் பார்க்கிறார்கள் என்பதை நினைக்கவில்லை. டேப்பைக் கழற்றி வயரை இணைத்தேன். திறப்பைப் போட்டுத் திருப்பினேன். முள் மெல்ல எழும்பி அரைவாசிக்கு மேலே போய் நின்றது. தடி விட்டுப் பார்த்தேன். சரியாக அவ்வளவு டீசல் இருந்தது.

வண்டியை ஓட்ட ஒப்புக்கொண்டவர் காத்தான்குடிக் காக்கா; முஸ்லிம் பெரியவர்களை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். நெல் வாங்கி விற்பவர். என் கணவரோடு அதே வண்டியில் இரண்டு வருடம் போய்வந்தவர். மண்டூருக்கு அப்பால் ஒரு வயல் வட்டையில் நெல் ஏற்ற வேண்டும், அதுவே வெள்ளோட்டமாகவும் இருக்கட்டும் என்றார். முட்களைப் பார்த்துக் குறித்துக்கொள்ள நானும் போனேன். பைக்குள் என் கணவருக்கு எழுதிய கடிதம் இருந்தது. ஒரு வரிக்கு மட்டும் இடம் விட்டிருந்தேன். திரும்பி வந்ததும் அதில் 'வண்டி ஓடுகிறது' என்று எழுதித் தபாலில் போடுவதாக இருந்தேன்.

துறையில் வண்டியைப் பாதை என்கிற மிதவையில் ஏற்றி வாவியைக் கடந்தோம். அக்கரையில் இறங்கி இரண்டு கட்டை தூரம் போனதும் ஒரு சந்தியில் துப்பாக்கியோடு நின்றவர்கள் மறித்தார்கள். அந்த நாளில் வாகனம் கேட்பவர்கள் பல பேர். யாரிடமும் இல்லை என்று சொல்லிவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது.

"காக்கா, டீசல் எவ்வளவு கிடக்கு?" என்று ஒருவர் மரியாதையாகத்தான் கேட்டார்.

"எங்க தம்பி. திரும்பித் துறைக்குப் போய்ச் சேர்ந்தாலே பெரிய காரியம்."

அவர் குனிந்து உள்ளே பார்த்தார். "முள்ளு நல்லா நிக்குதே."

"அது பழுது தம்பி. எந்தக் காலமும் பழுதுதான்."

அவர் என்னைப் பார்த்தார். "பழுதா அக்கா?"

"இல்ல," என்றேன். "நான்தான் திருத்தினன்."

மூன்று மாதம் அதோடு கிடந்த வாய் அது. யோசிப்பதற்குள் வந்துவிட்டது. காக்கா ஸ்டியரிங்கை விட்டுக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். இரண்டு நாளில் தருவதாகச் சொல்லி எங்களை இறக்கிவிட்டு வண்டியைக் கொண்டுபோனார்கள்.

துறைக்கு நடந்து வந்து, வண்டி இல்லாமல் பாதையில் ஏறினோம். நடு வாவிக்கு வந்தோம். காக்கா தலையை ஆட்டிச் சிரித்தார்.

"அறுபது வயசில எனக்குப் பொய்யன் எண்டு பேர் எடுத்துத் தந்திட்ட புள்ள."

"எனக்குத் தெரியல்ல காக்கா."

"எனக்கு மட்டும் தெரிஞ்சுதா? எத்தனை தரம் கேட்டிருப்பன், அந்த முள்ளைத் திருத்தன்டா எண்டு. 'பாப்பம்' எம்பான். மறிச்சி டீசல் இரிக்கா எண்டு கேட்டா வாய் திறக்க மாட்டான். விரலால முள்ளைக் காட்டுவான். அவங்களும் பாத்திட்டுப் போ எண்டு விட்டிருவாங்க. பழுதான முள்ளைக் காட்டுறானே எண்டு நான் உள்ளுக்குள்ள சிரிச்சிருக்கன்."

அந்த வயர் வெட்டி டேப் சுற்றிக் கட்டியிருந்ததை அவருக்குச் சொன்னேன்.

"மாப்பிள்ளைக்கும் பொஞ்சாதிக்கும் ஒரே நோய்," என்றார். "ரெண்டு பேருக்கும் பொய் வராது. ஆனா அவன் முள்ளுக்குச் சொல்லிக் குடுத்து வெச்சிருந்தான்."

என் கணவரை நான் அறிந்துகொண்டது அந்தப் பாதையில்தான் என்று நினைக்கிறேன். பொய் சொல்ல வராத ஒரு மனிதர், தன் வாய்க்கு வேலை வராமல் ஒரு வயரை வெட்டி, டேப் சுற்றி, பத்திரமாகக் கட்டி வைத்திருக்கிறார். அவர் பக்கத்தில் இருந்திருந்தால் கேட்டிருப்பேன். அவருக்குக் காது சிவந்திருக்கும்.

இரண்டு நாள் என்றது பதினொரு நாள் ஆனது. பைக்குள் கடிதம் அப்படியே இருந்தது. "ஓடுது எண்டு எழுதிப் போடன், எப்பிடியும் வரத்தானே போகுது," என்றார் அம்மா. என் முன்னால் இல்லாத வண்டியை ஓடுகிறது என்று எழுத எனக்கு வரவில்லை. பன்னிரண்டாம் நாள் அதை அக்கரைத் துறையில் விட்டிருந்தார்கள். ஒரு முன்விளக்கு உடைந்திருந்தது. தாங்கி வறண்டிருந்தது. முள் உண்மையாகவே படுத்திருந்தது.

கொண்டுவந்து டீசல் ஊற்றி, எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்தேன். பிறகு டாஷ்போட்டைக் கழற்றி, நான் போட்ட இணைப்பைப் பிரித்து, நுனியில் டேப் சுற்றி, மடித்து, வலைநூலால் கட்டினேன். கடிதத்தில் விட்டிருந்த இடத்தில் இரண்டு வசனம் எழுதினேன்: 'வண்டி ஓடுகிறது. முள் படுத்திருக்கிறது.' யார் பிரித்துப் படித்தாலும் அதில் ஒன்றுமில்லை. அவருக்கு விளங்கும். மறுநாள் காலை தபாலில் சேர்த்தேன்.

தபாலில் சேர்த்த முப்பத்துமூன்றாம் நாள் அவருடைய கடிதம் வந்தது. அது என்னுடையதற்குப் பதில் அல்ல. கையெழுத்து வைக்கக் கடைசி நாள் சொல்லிவிட்டார்கள், உன் கடிதம் வரும் வரும் என்று பார்த்தேன், வரவில்லை, வண்டி சரிவரவில்லை என்று எண்ணிக் கையெழுத்து வைத்துவிட்டேன், இன்னும் இரண்டு வருடம், என்று எழுதியிருந்தார். கொப்பியை எடுத்து நாட்களை எண்ணினேன். வெள்ளோட்டம் போன அன்றே தபாலில் போட்டிருந்தால், அவர் கையெழுத்து வைப்பதற்கு நான்கு நாள் முந்தி அது போய்ச் சேர்ந்திருக்கும். இரண்டாம் தரமும் எண்ணிப் பார்த்தேன். நான்குதான்.

இன்னும் ஒன்பது நாள் கழித்து என் கடிதத்துக்குப் பதில் வந்தது. நீண்ட கடிதம். கடைசியில், எந்தக் கையால் முடிச்சுப் போட்டாய் என்று கேட்டிருந்தார்.

இப்போது அந்தச் சந்தியில் யாரும் நிற்பதில்லை. அதனால்தான் இதை எழுத முடிகிறது. காக்கா கிழமைக்கு இரண்டு நாள் வண்டியில் நெல் ஏற்றுகிறார். டீசலைத் தடி விட்டுப் பார்க்கிறோம். ஆறு முடிச்சு வயரை நான் இன்னும் இணைக்கவில்லை. அதன் கட்டு வலப்பக்கம் சாய்ந்திருக்கிறது. ஒப்பந்தம் முடிய ஏழு மாதம் இருக்கிறது.