கிரகணத்துக்கு எந்த ஊர்ச் சட்டம்

என் மகள் வடதுருவத்துக்குக் கிட்ட ஒரு தீவில் பள்ளிக்கூட ஆசிரியை. நவம்பர் தொடங்கினால் அங்கே சூரியன் லீவில் போய்விடும், பெப்ரவரியில்தான் திரும்பும். ஓய்வு பெறும்வரை அரச அலுவலகத்தில் லீவு விண்ணப்பங்களைச் சரிபார்த்தவன் நான். இப்படியொரு லீவை யாருக்கும் கொடுத்ததில்லை.

அந்த வருடம் அவள் கர்ப்பமாக இருந்தாள். அந்த ஊரில் பிரசவ வசதி இல்லை. மாதம் நெருங்கினால் விமானத்தில் தெற்கே அனுப்பிவிடுவார்கள். தெற்கே வந்து எங்கே தங்குவாள்? ரொறன்ரோவில் ஸ்காபரோப் பக்கம் எங்களோடா, பக்கத்து ஊர் விட்பியில் தன் மாமியாரோடா? மாமியார் எதிலும் தலையிடாதவர் என்று பெயர் எடுத்திருந்தார். என் மனைவிக்கு அந்தப் பெயர் ஒருநாளும் இருந்ததில்லை.

இந்த நேரம் பார்த்துப் பகுதிச் சந்திர கிரகணம் வரவிருந்தது, மறுநாள் விடியுமுன். குசினியில் தொங்கிய யாழ்ப்பாணக் கலண்டரில் ‘இலங்கையில் தோன்றாது’ என்று போட்டிருந்தது. மனைவி நிம்மதியாகப் புட்டுக்குத் தேங்காய் துருவினாள்.

“நிக்கிற இடத்துச் சட்டம்தான் கிரகணத்துக்கு. இஞ்சை தெரியும். மகளின்ரை ஊரிலை இன்னும் வடிவாத் தெரியும்,” என்றேன். சட்டம் தெரிந்தவனுக்கு வாய் சும்மா இராது.

உடனே மகளுக்குத் தொலைபேசி போனது.

“பிள்ளை, கிரகணத்துக்கை வெளியிலை போகாதை. கத்தி, கத்திரிக்கோல் தொடாதை. கிரகணம் விட்ட சந்திரனைக் கண்டு, தலை தோஞ்சுபோட்டுத்தான் சாப்பிடவேணும்.”

“அம்மா, ஊரே வெளியிலை நிண்டு பாக்கப்போகுது. நானும் போறன்.”

“பிள்ளைக்கு ஏதும் நடந்தா?”

“உப்பிடிக் கதைச்சா நான் விட்பிக்குத்தான் போவன்.”

தொடர்பு அறுந்தது. மனைவி துருவிய தேங்காயை மூடி வைத்தாள். பிறகு, “அவள் இருக்காட்டி அவளுக்காக நான் விரதம் இருக்கிறன்,” என்றாள்.

விரதத்துக்குப் பதிலாள் நியமிக்க விதியில் இடமில்லை என்று விளக்கினேன்.

“விரதம் உங்களுக்கும் சேத்துத்தான்,” என்றாள்.

விடிந்தபோது ரொறன்ரோ வானம் கழுவாத அலுமினியச் சட்டிபோல் கிடந்தது. கிரகணமும் இல்லை, சந்திரனும் இல்லை. மனைவி யன்னலுக்கும் பல்கனிக்குமாக நடந்தாள். சந்திரன் முகிலுக்குப் பின்னாலேயே மறைந்துபோனது.

“சந்திரனைக் காணாமல் எப்பிடித் தோயிறது? பின்னேரம் வரட்டும்.”

“முகில் மூடினா, கணிச்ச நேரம் முடிஞ்சாப் போதும். நீர் தோயலாம்.”

“உது ஐயருக்கு. தாய்க்கு இல்லை.”

எனக்குத் தேநீர்கூட இல்லை. நான் அறைக்குள் போய் மகளை வீடியோவில் அழைத்தேன்.

“அம்மா பச்சைத்தண்ணி குடிக்கேல்லை. பின்னேரம் சந்திரன் வருமட்டும் இருப்பாவாம். உன்ரை சந்திரன் என்ன பாடு?”

மகள் சிரிக்கவில்லை. “இஞ்சை அது மறையிறேல்லை அப்பா. கொஞ்ச நாளைக்கு வானத்தைச் சுத்திச்சுத்தி நிக்கும். அம்மாட்டைப் போனைக் குடுங்கோ.”

போனை மனைவியிடம் நீட்டினேன். மகள் தடித்த கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். பொத்தான் வயிற்றோடு இழுபட்டது. போனைத் திருப்பினாள். இருட்டு, பனிக்கட்டி, அதற்கு மேலே கறையில்லாத முழுநிலவு. மேற்படி நிலவு கிட்டத்தட்ட முழுவதும் விழுங்கப்பட்டு, சாயம் கூடிய தேநீர் நிறத்தில் நின்றுவிட்டு வந்திருந்ததாம். மனைவி என் போனைக் கும்பிட்டாள்.

“கிரகணத்துக்கை வெளியிலை நிண்டனியோ?”

“நிண்டனான்.”

விட்பிக்காரருக்கு வாழ்த்துச் சொல்ல வேண்டியதுதான் என்று நினைத்தேன். மனைவி திரையை உற்றுப் பார்த்தாள்.

“தொப்பியாலை காதை மூடினனியோ?”

“மூடினனான் அம்மா.”

“அப்ப உள்ளுக்குப் போ. குளிருக்கை நிக்காதை. போய்ச் சாப்பிடு.”

“நீங்கள்?”

“அதுதான் கண்டிட்டனே. தோயப்போறன்.”

மகள் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனாள். பிறகு, “விட்பியிலை பிளேன் இறங்காதாம் அம்மா. நான் உங்களிட்டையே வாறன்,” என்றாள்.

ஸ்காபரோவிலும் இறங்காது. நான் சொல்லவில்லை. எனக்குப் புட்டு வேண்டியிருந்தது.