டப்பாவில் வந்த ஏரித் தண்ணீர்

பெங்களூர் நெடுஞ்சாலையின் நடுவில் ஒரு கறுப்புக் குடையை உயர்த்திப் பிடித்தபடி என் மனைவி நிற்பாள். இரண்டு பக்கமும் லாரிகள் ஒவ்வொன்றாக வேகம் குறைந்து நிற்கும். ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு எங்கள் ஊர்ப் பாலர் பள்ளிக் குழந்தைகள் சாலையைக் கடப்பார்கள். அவர்களுக்குப் பின்னால் தண்ணீர்க் குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு நான் வருவேன். சில டிரைவர்கள் ஹாரன் அடிப்பார்கள். பெரும்பாலானவர்கள் ஸ்டியரிங்கில் கைகளைப் போட்டுக்கொண்டு அந்த வரிசை கடந்து முடிகிறவரை சும்மா பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒருமுறை ஒரு சர்தார்ஜி வண்டியிலிருந்து இறங்கி வந்து, நடுச்சாலையில் செருப்பு கழன்று நின்றுவிட்ட ஒரு பெண் குழந்தையைத் தூக்கி மறுபக்கம் விட்டுவிட்டுத் திரும்பிப் போனார்.

பென்னலூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். தண்டலம் பக்கம் ஒரு கம்பெனியில், இரும்புத் தகடுகளை அழுத்தி வளைக்கும் பிரஸ் ஷாப்பில் எனக்கு வேலை. வியாழக்கிழமை வார விடுமுறை. குழந்தைகளை வெளியே கூட்டிப்போகும் நாளாக அவள் வியாழக்கிழமையை வைத்துக்கொண்டது அதனால்தான். மாதா கோயிலை ஒட்டிய ஓட்டுக் கட்டடம்தான் பள்ளி. ஊரே அவளை டீச்சர் என்று கூப்பிட்டது. கல்யாணமான புதிதில் விளையாட்டாக ஆரம்பித்து நானும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். சிங்கப்பெருமாள் கோவில் ரயில் நிலையத்துக்கு அருகில் வளர்ந்தவள் அவள். ரயிலையே பார்க்காத குழந்தைகள் இருக்கிறார்கள் என்பதை அவளால் நம்ப முடியவில்லை. வந்த முதல் வருடமே எல்லோரையும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு அங்கே போய், நீளமான ஒரு சரக்கு ரயில் முழுவதும் கடந்து மறைவதைக் காட்டிக் கூட்டிவந்தாள்.

ஆனால் அவள் அதிகம் போனது ஏரிக்குத்தான். வேறெங்கும் போக வசதியில்லை என்று முதலில் நினைத்தேன். பிறகுதான் புரிந்தது, அவள் வேண்டுமென்றேதான் திரும்பத் திரும்ப அதே இடத்துக்குப் போகிறாள் என்று. ஆனி மாதம் பள்ளி திறந்ததும் குழந்தைகள் வறண்ட ஏரிக்குள் இறங்கி நடந்தார்கள். பாளம் பாளமாக வெடித்திருந்த மண்ணின் இடுக்கில் கைவிட்டு நத்தை ஓடுகளை எடுத்தார்கள். ஆடியில் அதே கரையில் நின்று பனையோலைக் காற்றாடியைப் பிடித்தபோது காற்று அவர்களையே தள்ளிக்கொண்டு போனது. புரட்டாசியில் முதல் மழைக்குப் பிறகு சிவப்பு வெல்வெட் பூச்சிகள் ஊர்ந்தன. குழந்தைகள் அவற்றை உள்ளங்கையில் விட்டுக்கொண்டு மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தார்கள். “போன தடவை நாம நடந்த எடம் எங்க, காட்டுங்க?” என்று கேட்பாள். எல்லா விரல்களும் தண்ணீரை நோக்கி நீளும். நாங்கள் நடந்த இடம் தண்ணீருக்கு அடியில் போய்விட்டது என்கிற விஷயம் அந்தப் பிள்ளைகளைப் பிரமிக்க வைத்ததை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

பெற்றோரில் சிலருக்கு இது பிடிக்கவில்லை. “ஏரியைக் காட்டவா டீச்சர் புள்ளைங்கள அனுப்பறோம்? நாலு எழுத்து சொல்லிக் குடுங்க” என்பார்கள். அவள் சிரித்துக்கொண்டே, “அதுவும் சொல்லித் தரேன், இதுவும் காட்றேன்” என்பாள். தொண்ணூற்றொன்றாம் வருடம் மே மாதத்தில் எங்கள் பகுதியில் தேர்தல் கூட்டத்தில் நடந்த மரணம் உலகத்துக்கே தெரியும். அப்போது வாரக்கணக்கில் சாலையெல்லாம் போலீஸ் வண்டிகள். யாரும் பிள்ளைகளை வாசலுக்குக்கூட விடவில்லை. அந்தப் பயத்திலிருந்து ஊர் மெல்ல வெளியே வந்துகொண்டிருந்த நேரம் அது. அதே வருடக் கடைசியில் எங்கள் ஊரில் நடந்த இன்னொரு மரணத்தைப் பற்றித்தான் நான் எழுத உட்கார்ந்தேன். அது ஊரைத் தாண்டி யாருக்கும் தெரியாது.

காலையில் எல்லோருக்கும் முன்னால் பள்ளிக்கு வருகிறவன் ஒரு சின்னப் பையன். அவன் அப்பா லாரியில் போனால் வாரக்கணக்கில் திரும்புவதில்லை. அம்மா நெடுஞ்சாலை ஓரத்து ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை பார்த்தார். முதல் ஷிப்டுக்கு ஓடும் வழியில் பையனை எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போவார். ஓ.டி. இருந்தால் இருட்டிய பிறகுதான் வந்து அழைத்துப்போவார். எங்களுக்கு அப்போது குழந்தை இல்லை. அவன் எங்கள் வீட்டில்தான் பல் துலக்குவான், எங்கள் வீட்டில்தான் இட்லி தின்பான். என்னை மாமா என்பான். நான் சவரம் செய்யும்போது எதிரில் உட்கார்ந்து, என் முகம் கோணுவதைப் போலவே தன் முகத்தையும் கோணிக்கொண்டிருப்பான்.

கார்த்திகையில் ஏரி நிரம்பிக் கலங்கல் போனது. ஏரி நிறைந்து மிச்சத் தண்ணீர் வழிந்தோடுவதற்காகக் கட்டிய கல்லணையை எங்கள் பக்கம் கலங்கல் என்போம். பல வருடங்களாக வழியாத ஏரி வழிகிறது என்றதும் ஊரே போய்ப் பார்த்தது. டீச்சரும் அந்த வியாழக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிப்போனாள். தண்ணீர் கல்படிகளில் வெள்ளையாக இறங்கிக்கொண்டிருந்தது. கீழே, முழங்கால்கூட நனையாத வாய்க்காலில் சின்னச் சின்ன மீன்குஞ்சுகள் எதிர்நீச்சல் போட்டு ஏற முயன்று, தண்ணீர் தள்ளிவிட, மறுபடியும் ஏறிக்கொண்டிருந்தன. பிள்ளைகள் போட்ட கூச்சலில் பனைமரத்து நீர்க்காகங்கள் எல்லாம் எழுந்து பறந்தன. அந்தப் பையன் மட்டும் கத்தவில்லை. தன் சாப்பாட்டு டப்பாவில் மிச்சமிருந்த சோற்றைக் கரையில் கொட்டிவிட்டு, டப்பாவை வாய்க்காலில் முக்கிக்கொண்டிருந்தான். திரும்பி வரும்போது தூறல் பிடித்துக்கொண்டது. குடைக்குள் எத்தனை பேரைத்தான் அடக்க முடியும்? எல்லோரும் நனைந்தோம். பாடிக்கொண்டே வந்தோம்.

சில நாள் கழித்து அவனுக்குக் காய்ச்சல் வந்தது. முதலில் சாதாரணக் காய்ச்சல் என்றுதான் நினைத்தார்கள். வலிப்பு வந்ததும் காஞ்சிபுரத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். மூளைக்காய்ச்சல் என்றார் டாக்டர். கொசுவால் வருவது, மழையில் நனைந்ததால் வந்ததில்லை, கடித்து முன்பே பல நாள் ஆகியிருக்க வேண்டும் என்று என்னிடம் பொறுமையாக விளக்கினார். அவர் விளக்கிய இரண்டாம் நாள் பையன் போய்விட்டான். அவன் அப்பாவுக்குச் செய்தி போய்ச் சேர்ந்து அவர் வருவதற்குள் அடக்கம் முடிந்திருந்தது.

டாக்டர் சொன்னதை நான் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னேன். யார் காதிலும் ஏறவில்லை. டீக்கடையில் என் முகத்துக்கு நேராகவே ஒருவர் சொன்னார்: “மழைல நனைய வுட்டு ஒரு புள்ளயக் கொன்னுட்டு, கொசு மேல பழியப் போடறாங்க.” ஒவ்வொரு வீடாகப் பிள்ளைகளை நிறுத்திக்கொண்டார்கள். மாதா கோயிலில்கூட எங்கள் வரிசையில் வந்து உட்காரத் தயங்கினார்கள். பள்ளியில் மிஞ்சியிருந்த ஒன்றிரண்டு குழந்தைகளை வைத்துக்கொண்டு, ஜன்னல்களையும் சாத்திவிட்டு, என் மனைவி எழுத்துச் சொல்லிக்கொடுத்தாள். வெளியே வெயில் அடித்தால்கூட ஜன்னலைத் திறக்கமாட்டாள். நான் ஒருநாள் பொறுக்கமுடியாமல், “டாக்டர் சொன்னதை நீயாவது நம்பேன்” என்றேன். “நம்பறேங்க” என்றாள். “ஆனா அவன் அம்மா முகத்தை எப்படிப் பாக்கறது?”

அந்த அம்மாவே ஒரு வியாழக்கிழமை எங்கள் வாசலில் வந்து நின்றார். கம்பெனிக்குப் போகிற நேரம், போகவில்லை. தலை வாரியிருக்கவில்லை. சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து நான் முன்னால் போய் நின்றேன். என் மனைவி என்னை ஒதுக்கிவிட்டு வெளியே வந்தாள்.

“டீச்சர், அன்னிக்கு எம்புள்ளய எங்க இட்டுகினு போனீங்க? எனக்குக் காட்டுங்க” என்றார் அந்த அம்மா.

என் மனைவி பதில் சொல்வதற்குள் அவரே தொடர்ந்தார். “அன்னிக்கு ஓ.டி. முடிச்சி, இவனக் கூட்டிகினு வூட்டுக்குப் போய் டப்பாவத் தொறந்தா உள்ள பூரா தண்ணி. ஒரு மீன்குஞ்சு செத்து மெதக்குது. எனக்கு ஒரே கடுப்பு. இன்னாடா இது, சேத்துத் தண்ணியப் புடிச்சாந்துகீறேன்னு முதுகுல ஒண்ணு வெச்சிட்டேன். தண்ணிய வாசல்ல ஊத்திட்டேன். அவன் இன்னாவோ சொல்ல வந்தான் டீச்சர். நான் காதுலயே வாங்கல. அவன் இன்னா சொல்ல வந்தான்னு உங்களுக்குத் தெரியுமா?”

என் மனைவி செருப்பைக்கூடப் போட்டுக்கொள்ளவில்லை. அப்படியே அவர் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். நான் கொஞ்சம் பின்தங்கிப் போனேன். சாலையைக் கடந்து, கரையேறி, பிள்ளைகள் போன அதே வழியில் அவரைக் கூட்டிப்போனாள். இந்தப் பனைமரத்தடியில் நின்று பறவைகளைப் பார்த்தான். இந்த இடத்தில் வழுக்கி உட்கார்ந்துவிட்டு, தானே எழுந்துகொண்டான். இங்கே உட்கார்ந்து சாப்பிட்டான், அவன் முட்டையை இன்னொரு பையனுக்குப் பாதி கொடுத்தான். ஒவ்வொன்றையும் அவள் சொல்லச் சொல்ல, அந்த அம்மா அந்தந்த இடத்தில் நின்று, பார்த்து, தலையாட்டிவிட்டு நகர்ந்தார். எதையும் விட்டுவிடக் கூடாது என்பதுபோல மெதுவாக நடந்தார்.

கலங்கலில் தண்ணீர் குறைந்திருந்தாலும் நிற்கவில்லை. வாய்க்காலைக் காட்டி என் மனைவி சொன்னாள்: “இங்கதான் டப்பாவுல தண்ணி புடிச்சான். எதுக்குடான்னு கேட்டேன். ‘எங்கம்மா வேலைக்குப் பூடுது டீச்சர், அதுக்கு ஏரி தெரியாது. நான் எடுத்துகினு போய்க் காட்றேன்’னு சொன்னான்.”

அந்த அம்மா அழுவார் என்று நினைத்தேன். அவர் அழவில்லை. புடவையை லேசாகத் தூக்கிக்கொண்டு வாய்க்காலில் இறங்கி, கல்லில் உட்கார்ந்தார். தண்ணீர் அவர் கணுக்காலைச் சுற்றி ஓடியது. மீன்குஞ்சுகள் அப்போதும் ஏறிக்கொண்டுதான் இருந்தன. வெகுநேரம் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தவர், “ஜில்லுனு கீது” என்றார். என் மனைவிதான் அழுதாள். கரையில் நின்றபடி, வாயைப் புடவைத் தலைப்பால் பொத்திக்கொண்டு, இத்தனை நாள் அடக்கிவைத்ததையெல்லாம் அழுதாள். அந்த அம்மா திரும்பிப் பார்த்துவிட்டு, பக்கத்துக் கல்லைக் கையால் தட்டிக் காட்டினார். என் மனைவி இறங்கிப்போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

திரும்பும் வழியில் அந்த அம்மா சொன்னார்: “மத்த புள்ளைங்கள இட்டுகினு வாங்க டீச்சர். எவனாச்சும் எதுனா பேசினா எங்கிட்ட அனுப்புங்க.” சொன்னதோடு நிற்கவில்லை. ரேஷன் கடை வரிசையில் நின்று, “என் புள்ள போனதுக்கு நானே பேசல, உங்களுக்கு இன்னாடி?” என்று கேட்டிருக்கிறார். தை மாதம் அறுப்பு பார்க்க என் மனைவி பிள்ளைகளைக் கூட்டிப்போனபோது வரிசை பாதியாகத்தான் இருந்தது. அந்த அம்மா கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு அந்த வரிசையின் கடைசியில் நடந்து வந்தார். களத்தில் தூற்றிய நெல்லின் தூசு பறந்தபோது, யாரும் சொல்லாமலே, முன்னால் நின்ற ஒரு பிள்ளையின் கண்ணைத் தன் கையால் மூடினார்.

அதற்குப் பிறகும் பல வருடம் என் மனைவி பிள்ளைகளை வெளியே கூட்டிப்போனாள். எங்களுக்கும் ஒரு மகள் பிறந்தாள். அவளும் அந்த வரிசையில் நடந்தாள். ஆனால் பழைய டீச்சர் திரும்பி வரவில்லை என்பது எனக்குத் தெரியும். எந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டாலும் அந்த வீட்டுக்குப் போய், காய்ச்சல் இறங்குகிறவரை உட்கார்ந்திருப்பாள். தூறல் விழுந்தால் பாட்டை நிறுத்திவிட்டு வானத்தைப் பார்ப்பாள். அவள் முகத்தில் அப்போது வருவதை இத்தனை வருடத்தில் ஒருநாளும் என்னால் துடைக்க முடியவில்லை. ஏரியை ஒட்டிக் கம்பெனிகளின் மதில்கள் எழுந்தன. பிள்ளைகளை அழைத்துப்போக வேன்கள் வந்தன. பள்ளி மூடப்பட்டபோது அவளுக்கு மூட்டுவலி அதிகமாகியிருந்தது. அவள் அதிகம் வருத்தப்படவில்லை.

இந்த ஆடியில் அவள் போய்விட்டாள். அந்த அம்மா இப்போது ஒரகடத்தில் தன் மகள் வீட்டில் இருக்கிறார். பையனுக்குப் பிறகு பிறந்த மகள். செய்தி கேட்டு, மருமகன் வண்டியில் பின்னால் உட்கார்ந்து வந்தார். கண் சரியாகத் தெரியவில்லை. என் மனைவியின் தலைமாட்டில் உட்கார்ந்தவர், எடுக்கிறவரை எழுந்திருக்கவில்லை. யாரோ ஒரு சின்னப் பெண், “நீங்க டீச்சருக்கு இன்னா ஒறவு?” என்று கேட்டாள். “எம்புள்ள பாத்ததெல்லாம் எனக்குக் காட்டுனவ” என்றார்.

எல்லாம் முடிந்து கிளம்பும்போது என்னிடம் வந்தார். என் கையைத் தடவிப் பிடித்துக்கொண்டார். “அண்ணா, மழை வந்து ஏரி ரொம்புனா எனக்கு ஒரு போன் போடு. நான் வரேன். நீ தனியா போவாத” என்றார்.

நேற்றிலிருந்து கலங்கல் போகிறது. காலையில் அவருக்குப் போன் செய்தேன். கிளம்பிவிட்டேன் என்றார்.