புழுவெட்டு டாக்டருக்குச் சாட்சி தேடிய கதை

தோல் டாக்டர் கிளினிக்ல ரிசப்ஷன்ல உட்கார்ந்து பாருங்க, குணமான பேஷண்ட் எல்லாம் மாயமா மறைஞ்சிடுவாங்க. பிரசவம் பார்த்த டாக்டர்னா குழந்தையைத் தூக்கிட்டு வந்து காட்டுறாங்க; எங்க வாசலைப் பார்த்தா மட்டும் ரோட்டுக்கு அந்தப் பக்கம் போயிடுறாங்க. ஃபோன் பேசியே காது புண்ணான என் ரிசப்ஷனிஸ்ட் இனமே, உங்களுக்குத்தான் இது புரியும்.

தாம்பரத்துல எங்க டாக்டரம்மாவுக்கு விருது. புழுவெட்டு, அதான், தலையில வட்ட வட்டமா முடி கொட்டுமே, அதுல பண்ணின ஆராய்ச்சிக்கு. ஞாயிற்றுக்கிழமை விழா. "சங்கரி, குணமான ஒருத்தராவது மேடையேறி ரெண்டு வார்த்தை சொன்னா நல்லாயிருக்கும்மா"ன்னாங்க. வாயைத் திறந்து எதுவும் கேக்காத மனுஷி. எனக்கு இருப்புக் கொள்ளலை.

சிறுசேரி தம்பி

முதல்ல சிறுசேரி ஐ.டி. தம்பிக்கு அடிச்சேன். புருவம்கூட இல்லாம வந்தவர், இப்ப சீப்பு சிக்குற அளவுக்கு அடர்த்தி. விழான்னு சொன்னதும் குரல் குசுகுசுன்னு இறங்கிடுச்சு.

"மேடம், உங்க கிளினிக்குக்கு வந்ததே என் ஒய்ஃபுக்குத் தெரியாது. என் நம்பரை டெலீட் பண்ணிடுங்க, ப்ளீஸ்!"

முடிச்சூர் அண்ணா

அடுத்தது முடிச்சூர்ல மனை வாங்கி விக்கிற அண்ணா. முடி வந்த சந்தோஷத்துல டாக்டரம்மாவுக்குப் பலாப்பழம் தூக்கிட்டு வந்தவர். "வர்றேம்மா"ன்னு உடனே சொல்லிட்டார். அப்பாடான்னு இருந்தேன், பாவி.

சனிக்கிழமை நேர்ல வந்து நிக்கிறார்: பளபளன்னு மொட்டை, மேல சந்தனம்! வேண்டுதலாம். வளர்ந்த முடி மொத்தத்தையும் மலையில இறக்கிட்டு வந்திருக்கார். "என்னண்ணா இப்படிப் பண்ணிட்டீங்க?"ன்னு கத்தியே விட்டேன்.

"டாக்டரம்மா மருந்து குட்துச்சு, இல்லேங்கல. முடி குட்தது பெருமாளு. அவருக்குத்தானே திருப்பிக் குடுக்கணும்?"

கேளம்பாக்கம் டீச்சர்

இதையெல்லாம் கேட்டுட்டு உட்கார்ந்திருந்தாங்க, கேளம்பாக்கத்துல இருந்து வர்ற மைதிலி டீச்சர். தலையில எப்பவும் போல ஸ்கார்ஃப். எந்த மருந்துக்கும் அவங்களுக்கு முடி வரலை. நான் நகத்தைக் கடிச்சுக்கிட்டு நிக்கிறதைப் பார்த்துட்டு எழுந்து வந்தாங்க.

"ஏன் சங்கரி, முடி வராதவ பேசக் கூடாதா?"

மேடை

டாக்டரம்மாவுக்குப் பொன்னாடை போர்த்தி முடிச்சாங்க. டீச்சர் மைக் முன்னாடி போய் நின்னு ஸ்கார்ஃபை அவிழ்த்துட்டாங்க. போச்சு, டாக்டர் மானம் கப்பலேறிடுச்சுன்னு நெத்தியில அடிச்சுக்கிட்டேன்.

"எனக்கு முடி வரலை. வராமலும் போகலாம்னு முதல் நாளே சொன்னது இவங்க ஒருத்தர்தான். மத்தவங்க எல்லாரும் எனக்கு எண்ணெய் வித்தாங்க."

திங்கட்கிழமை

டாக்டரம்மா மேடையிலேயே அழுதுட்டாங்க. நானும்தான், வெக்கமில்லாம. மறுநாள் காலையிலேயே ஃபோன். பாராட்டத்தான் கூப்பிடுறாங்கன்னு ஆசையா எடுத்தேன்.

"மேடம், நேத்து அந்த டீச்சர் சொன்னாங்களே எண்ணெய், அது எங்க கிடைக்கும்?"

ஆக, எங்க தொழில்ல முடி வந்தா பேரு பெருமாளுக்கு, வராதப்பதான் டாக்டருக்கு.