நஞ்சுண்டசாமியின் கழுத்து நரம்பு

நர்ஸ் மரியபுஷ்பத்துக்கு மறதி என்பதே கிடையாது. மைசூரில் அவள் வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்கு 1937-ல் நஞ்சுண்டசாமி வயிறு வீங்கி வந்தபோது, பார்த்த மாத்திரத்தில் ஆளைக் கண்டுகொண்டாள். அவருடைய பட்டுக் கொட்டகையில்தான் அவள் அம்மா ஆரோக்கியம் கொதிநீரில் கூடுகளை வேகவைத்து நூல் எடுத்தாள். அம்மா இருமத் தொடங்கியதும், இருமுகிறவள் கை பட்டால் நூல் அறும் என்று துரத்தினார். க்ஷயரோகம் கொண்டுவந்தவள் என்று மற்றக் கொட்டகைகளுக்கும் சொல்லியனுப்பினார். வேலையில்லாமல், சோறில்லாமல் அம்மா பதினோரு மாதத்தில் செத்தாள்.

டாக்டர் பசவராஜ் வயிற்று நீரை இறக்கினார், மறுபடி தேங்கியது. குடித்துக் கெட்ட ஈரல் என்று எழுதினார். சொட்டுக் கள்ளும் தொட்டதில்லை என்று நஞ்சுண்டசாமி சத்தியம் செய்தார். வார்டே சிரித்தது.

மரியபுஷ்பம் அவர் கழுத்தைப் பார்த்தாள். உட்கார்ந்திருந்தாலும் நரம்பு புடைத்தே நின்றது. மூச்சை இழுத்தால் தணிவதற்குப் பதில் இன்னும் ஏறியது. போன வருஷம் இப்படி ஒருவனைக் காட்டி டாக்டரே சொல்லியிருந்தார்: பழைய க்ஷயம் இதயத்தின் உறையைத் தடிக்கவைத்து இறுக்கிவிடும், இதயம் விரிய இடமின்றி உடம்பில் நீர் தேங்கும். தெரிந்தும் அவள் வாய் திறக்கவில்லை. குடிகாரப் பட்டத்தோடே கிடக்கட்டும். மூன்று நாள் அந்தச் சந்தோஷத்தில் அவளுக்குச் சோறு நன்றாக இறங்கியது.

நான்காம் நாள் அவர் பக்கத்துக் கட்டில்காரரிடம் சொன்னார்: "எங்கொட்டாயில ஒரு சயரோகக்காரி இருந்தாளுங்க. அவ சாபந்தான் இது."

மரியபுஷ்பத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சிறுவயதில் அம்மாவுக்குச் சோறு கொண்டுபோனபோது, அம்மா இருமுவதற்கு முன்பே கொட்டகையில் இருமிக்கொண்டிருந்தது யார்? குடிகாரப் பட்டம் அதை மறைத்துவிடும்.

"டாக்டர், இவர் மூச்சிழுக்கறப்போ கழுத்தப் பாருங்க."

பார்த்தவர் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். படத்தில் இதயத்தின் உறை சுண்ணாம்பேறி, சுற்றிலும் வெள்ளைக் கோடாக ஓடியது. "நான்தான் தப்புப் பண்ணிட்டேன், இது குடியில்ல" என்றார் டாக்டர். "முன்னாடி க்ஷயம் இருந்துதா?"

"எங்க வம்சத்துலயே இல்லீங்க."

மரியபுஷ்பம் கட்டிலருகே நின்ற அவர் மனைவி தேவம்மாவிடம் திரும்பினாள். "நான் ஆரோக்கியத்தோட மகதாம்மா. மொதல்ல இருமுனது யாரு?"

தேவம்மா புருஷனுக்கு முதுகைக் காட்டி நின்றாள். "இவருதான். ரெண்டு வருசம் ரத்தமாத் துப்புனாருங்க. வெளிய சொல்லாதேன்னாரு. ஒங்கம்மா அதுக்கப்புறந்தான் இருமுச்சு."

வார்டில் யாரும் சிரிக்கவில்லை. இதற்கு இங்கே வைத்தியம் இல்லை என்று டாக்டர் மெதுவாகச் சொன்னார்.

"மன்னிச்சிரு தாயி" என்றார் நஞ்சுண்டசாமி.

"மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, மரியபுஷ்பம் அவருக்கு அந்த வேளை மருந்தைக் கொடுத்தாள்.