கொடியில் காய்ந்த மடிப்புடவை

திருவனந்தபுரம் கோட்டைக்குள் எங்கள் வீடு. குளித்துவிட்டு, பிறர் கைபடாத மடிப்புடவையைக் கட்டிக்கொண்டுதான் சமைப்போம். மழைக்காலத்தில் அது சமையலறைக்குள்ளேயே உயரக் கொடியில் காயும். விடியலில் அதைக் கோலால் இழுத்து, உதறாமல் அப்படியே சுற்றிக்கொள்வது என் பழக்கம். அகத்துக்காரர் கச்சேரி உத்தியோகத்துக்குக் கிளம்புமுன் சாப்பாடு ஆகவேண்டுமே என்று மனமெல்லாம் அடுப்பில் இருக்கும்.

போன கர்க்கடக மாதத்து, நம் ஆடி மாதத்து, மழையில் ஒருநாள் அப்படி இழுத்தபோது, மடிப்பிலிருந்து ஏதோ வழுக்கி விழுந்து என் கணுக்காலைக் கடித்தது. கட்டுவிரியன்! என் அலறல் கேட்டு ஓர்ப்படி, கொழுந்தன் மனைவி பர்வதம், ஓடி வந்தாள்.

"ஐயோ, பாம்பாக்கும் அக்கா!"

அவள் கை என்மேல் படுமுன், "தொடாதேடி, மடி!" என்றேன். யோசித்துச் சொல்லவில்லை, வாய் தானாகச் சொல்லிற்று.

"நான் இன்னும் குளிக்கலையே" என்று அவளும் நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள். பாம்பு விறகுக்குள் நுழைவதை இருவரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

கால் துவண்டு நான் சரிந்த பிறகுதான் பாய்ந்து வந்தாள். அந்தப் புடவையையே கிழித்துக் காலைக் கட்டினாள். விஷவைத்தியர் வந்து மருந்து கொடுத்தார்; பல நாள் படுக்கையில் கிடந்து பிழைத்தேன்.

இப்போது புடவையைக் கோலாலேயே நன்றாக உதறிப் பார்த்துத்தான் கட்டுகிறேன். யார் ஓடி வந்தாலும் வாயை மூடிக்கொள்கிறேன். மடி கெட்டால் மறுபடி குளித்துக்கொள்ளலாம்.

பர்வதம்தான் இன்னும் நிலைப்படியில் நின்று, என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே வருகிறாள்.