நெடுஞ்சாலைக்கு மேற்கே

விமான நிலையத்தில் அவளுக்கு வைத்திருந்த பெயர் நிதானம். கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் உச்சியில் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து, எந்த விமானம் இறங்கலாம், எது பொறுக்க வேண்டும் என்று ரேடியோவில் சொல்லும் வேலை. பத்தொன்பது வருடத்தில் ஒருநாளும் அவள் குரல் ஏறி இறங்கிக் கேட்டவர் கிடையாது. வீட்டில் கதை வேறு. "கரப்பான் பூச்சியைப் பார்த்தா கட்டில் மேல ஏறி நிக்கிறவ. இவளை நம்பி இத்தனை பேர் பறக்கிறாங்களே" என்பார் ஃபிரிட்ஜ் மெக்கானிக்கான அவள் கணவர்.

அங்கே ஓடுபாதை ஒன்றுதான். ஒரு பக்கம் பயணிகள் விமானங்கள். வேலிக்கு அந்தப் பக்கம் பறக்கும் கிளப்பின் ஆறு சின்ன விமானங்கள். லாரியையும் சைக்கிளையும் ஒரே சந்தில் விட்ட மாதிரி, இரண்டையும் ஒன்றோடொன்று ஒட்டவிடாமல் பிரித்து வைப்பதே அவள் பாடு. கிளப்பில் லீவு நாளில் மட்டும் பறப்பவர்களில் ஒருவர் பல் டாக்டர். அவளுடைய கடைவாய்ப் பல் இரண்டைப் பிடுங்கியவர்.

அன்று ஞாயிறு, மாலை நாலரை மணி. வானம் மேகமில்லாமல்தான் இருந்தது; ஆனால் புகையும் தூசியும் கலந்து, தூரத்தில் எதுவும் துலங்கவில்லை. வடக்கிலிருந்து நூற்று அறுபத்திரண்டு பேரோடு ஒரு பெரிய விமானம் இறங்க வந்துகொண்டிருந்தது. அதே திசையிலிருந்து பல் டாக்டரும் தான் பங்கு வைத்திருந்த இரண்டு சீட் விமானத்தில் திரும்பிக்கொண்டிருந்தார்.

"நெடுஞ்சாலைக்கு மேற்கேயே இருங்க டாக்டர். ஆயிரத்து ஐந்நூறு அடி. நான் சொல்ற வரைக்கும் தாண்ட வேண்டாம்" என்றாள்.

"சரி மேடம். சாலை தெரியுது. மேற்கேயேதான் இருக்கேன்."

பெரிய விமானத்துக்குக் காற்றின் வேகத்தைச் சொல்ல அவள் தலையைத் திருப்பியது அரை நிமிடம் இருக்கும். மறுபடி ரேடார் திரையைப் பார்த்தாள். டாக்டரின் புள்ளி நெடுஞ்சாலையைத் தாண்டி, பெரிய விமானம் இறங்கும் தடத்துக்கு நேர் கீழே வந்திருந்தது. ஒன்றரை கிலோமீட்டர் பின்னால், அவரைவிட நானூறு அடி மேலே பெரியது. அது இறங்கிக்கொண்டே இருந்தது. மேலே இருப்பவருக்குத் தன் மூக்குக்குக் கீழே என்ன இருக்கிறதென்று தெரியாது. கீழே இருப்பவருக்குத் தலைக்குப் பின்னால் கண் கிடையாது.

"டாக்டர், உடனே வலது பக்கம் திரும்புங்க" என்று அவள் சொன்ன அதே நொடியில், கிளப்பில் பறக்கப் பழகும் யாரோ ஒருவர் ஏதோ கேட்க ரேடியோவைத் திறந்துவிட்டார். இரண்டு குரலும் ஒன்றையொன்று மிதித்துக்கொண்டு, வெறும் கீச்சொலிதான் போயிற்று. பதில் இல்லை. புள்ளி திரும்பவும் இல்லை.

அவள் டாக்டரை விட்டாள். பெரிய விமானத்தைக் கூப்பிட்டு, "இறங்காதீங்க. மேல ஏறுங்க, உடனே. நேர் கீழே சின்ன விமானம்" என்றாள்.

"ஏறுறோம்."

அவ்வளவு கனத்தை நினைத்த மாத்திரத்தில் தூக்க முடியாது. ஏறுகிறோம் என்று சொன்ன பிறகும் திரையில் உயரம் குறைந்தது. பிறகுதான் நின்றது. அதற்குள் இரண்டு புள்ளியும் ஒன்றாகிவிட்டன. பக்கத்து நாற்காலிக்காரர் தொலைநோக்கியோடு கண்ணாடி ஓரம் நின்றார். "ஒண்ணும் தெரியலையே" என்று முனகினார். திரையில் பெரிய புள்ளி மட்டும் தனியாகப் பிரிந்து முன்னால் போயிற்று.

"டாக்டர்" என்றாள். பதில் வரவில்லை. மறுபடி கூப்பிட்டாள். மூன்றாவது தடவை கூப்பிடும்போது, கீழே எந்தத் தெருவில் விழுந்திருப்பார் என்று மனசு தேட ஆரம்பித்திருந்தது.

"மேடம்..." பல்லோடு பல் அடிக்கிற குரல். "தலைக்கு மேல ஒண்ணு போச்சு. அப்படியே புரண்டுட்டேன். இப்ப நேராயிட்டேன். நான் சாலைக்கு மேற்கேதானே இருக்கேன்?"

அவரைக் குழந்தையைக் கைப்பிடித்து நடத்துவது போல ஒவ்வொரு திருப்பமாகச் சொல்லி இறக்கினாள். பின்னாலேயே பெரியதையும் இறக்கினாள். நாற்காலியைப் பக்கத்தவரிடம் கொடுத்துவிட்டுப் படிக்கட்டுக்கு வந்தாள். உட்கார்ந்தபடியே ஒவ்வொரு படியாக இறங்கினாள்.

இரண்டுக்கும் நடுவில் எண்பது அடி இருந்ததாகக் கருவிகள் காட்டின. வீட்டில் கணவர், "எண்பது அடின்னா எவ்வளவு?" என்றார். எதிரே இருந்த அடுக்குமாடிக் கட்டடத்தைக் காட்டினாள். அவர் கீழ்த்தளத்திலிருந்து எட்டாவது மாடிவரை பார்த்தார்.

விசாரணை ஐந்து வாரம் நடந்தது. ஊரைச் சுற்றிப் புதிதாக ஒரு புறவழிச்சாலை திறந்திருந்தார்கள். பழைய நெடுஞ்சாலையைவிட அகலம், நாலு கிலோமீட்டர் கிழக்கே. வரைபடத்தில் அது இன்னும் ஏறவில்லை. புகை மூட்டத்தில் டாக்டர் பழையதைக் கவனிக்காமல் தாண்டி, புதியதையே நெடுஞ்சாலை என்று எண்ணிவிட்டார். அதற்கு மேற்கேதான் இருந்தார், பாவம்.

"உங்க மேல தப்பு இல்லைன்னுதான் தெரியுது" என்றார் அதிகாரி.

கணவர் காலையிலேயே சொல்லி அனுப்பியிருந்தார்: "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு." எழுந்திருக்கப் போனவள் மறுபடி உட்கார்ந்தாள்.

"அந்தச் சாலை திறந்து பதினேழு நாள் ஆகியிருந்துச்சு சார். அதுலதான் நான் தினமும் வேலைக்கு வர்றேன். அன்னிக்கும் வந்தேன். மேலேருந்து பார்த்தா ரெண்டு சாலை தெரியும்னு எனக்குத் தோணியிருக்கணும். பழக்கத்துல நெடுஞ்சாலைன்னு சொல்லிட்டேன்."

அதிகாரி அதையும் எழுதிக்கொண்டார். எச்சரிக்கைக் கடிதம் வந்தது. மூன்று மாதம் மைக்கைத் தொடக்கூடாது என்றார்கள். ஆனால் சாலையை அடையாளமாகச் சொல்லும் வழக்கம் அன்றோடு ஒழிந்தது. சின்ன விமானங்கள் மேற்கே உள்ள ஏரிக்கு மேல் வட்டமிட்டுக் காத்திருக்க வேண்டும். பெரியது இறங்கி ஓடுபாதையை விட்டு விலகிய பிறகே வர வேண்டும் என்று விதி வந்தது.

அந்த மூன்று மாதத்தில் ஒருநாள் பல் டாக்டர் நிலைய வாசலில் காத்து நின்றார். விமானத்தில் தன் பங்கை விற்றுவிட்டாராம்.

"கிளினிக்ல டிரில் சத்தம் கேட்டாக்கூட தலையைக் குனிஞ்சுக்கிறேன் மேடம்."

"நான் வீட்டு மாடிக்குத் துணி காயப்போடக்கூடப் போறதில்ல டாக்டர். வானம் தெரியுது."

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. அது பாதியிலேயே நின்றுவிட்டது.

மைக் திரும்பக் கிடைத்த முதல் நாள், வடக்கிலிருந்து கிளப் விமானம் ஒன்று கூப்பிட்டது. ஏரிக்கு மேல் காத்திருக்கச் சொன்னாள். ஏரி தெரிகிறது என்று பதில் வந்ததும், வழக்கத்தில் இல்லாத ஒன்றைக் கேட்டாள்.

"ஏரி தெரியுதுன்னா, என்ன தெரியுதுன்னு சொல்லுங்க."

"ஏரிதாங்க தெரியுது" என்றான் விமானி, எரிச்சலாக.

"ஏரியில என்ன?"

"நடுவுல ஒரு திட்டு. அதுல ரெண்டு மரம். கரையில தண்ணி ஏத்துற ரூம், பச்சைக் கதவு."

"அங்கேயே சுத்திட்டிருங்க. நான் கூப்பிடுறேன்" என்று சொல்லிவிட்டு, தொலைநோக்கியை எடுத்து, வெயிலில் மினுங்கும் அந்தச் சின்ன இறக்கை கண்ணில் படும்வரை தேடினாள்.